போன தபா ஊசி போட்டுக்கொண்டவன் யார்?

மகனே,

போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரி நைனா, சரி நைனா" என்று வெட்டிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் உன் ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த பிறகுதான் வந்து சேரும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். நீ மட்டும் படித்துவிட்டு மூடி வைக்காதே. உன் ரூமில் இருக்கும் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டு. அவர்களும் பொன்னேரி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு என்று நம் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள்தானே, தெரிந்துகொள்ளட்டும். இதில் யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை. உன் பெயரைக்கூட எழுதவில்லை. என் புத்தி உனக்குத் தெரியும், யார் கையில் எது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

போன வாரம் நீ போன் செய்தபோது, குடல் இறக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன், செலவெல்லாம் கம்பெனி இன்சூரன்ஸில் போய்விடும், கவலை வேண்டாம் என்றாய். உன் அம்மா வழக்கம்போல, "அந்தப் பென்சிலின் ஊசி ஒனக்கு ஆவாதுன்னு டாக்டராண்ட சொன்னியாடா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். "சொன்னேம்மா. அவரு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, போன தபா உனக்கு அதே ஊசிதானே போட்டோம், ஒண்ணும் ஆவலியேன்றாரு" என்றாய். அவளுக்கு ஒரே சந்தோஷம். சின்ன வயதில் இருந்தது வளர வளரப் போய்விட்டது, எல்லாம் அம்மன் புண்ணியம் என்று அப்போதே விளக்கேற்றப் போய்விட்டாள். எனக்கு மட்டும் மனசு உறுத்தியது. போன தபாவா? எந்தப் போன தடவை? அந்த ஊருக்குப் போனதிலிருந்து ஒரு நாள்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நீதானே?

நான் கேட்டில் நின்றவன். சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி வாசலில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன். சாப்பிட்டு முடித்த டிபன் பாக்ஸ் கனமாக இருந்தால் திறக்கச் சொல்வேன். கொளுத்துகிற வெயிலில் ஜெர்க்கின் போட்டுக்கொண்டு வருகிறவனை ஓரமாக நிற்கச் சொல்வேன். ரிட்டயர் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவனை எடை போட்டுக் காட்டச் சொல்கிறேன், அவன் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "எமன் வந்தாகூட இந்த ஆளு கேட் பாஸ் எங்கன்னு கேப்பாரு" என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முதலில் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். பையனுக்கு ஏதோ பெரிய நோய் வந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருக்கிறான், நம்மிடம் மறைக்கிறான் என்று நினைத்தேன். நீ அனுப்பிய போட்டோக்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பிரியாணித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினாயே, அதைப் பெரிதாக்கி உன் மணிக்கட்டைப் பார்த்தேன், இளைத்திருக்கிறதா என்று. இளைக்கவில்லை. கொஞ்சம் தொப்பைகூட வைத்திருக்கிறது.

அப்புறம் சந்தேகம் ஆஸ்பத்திரிக்காரன் மேல் போனது. வராதவனை வந்ததாகவும் போடாத ஊசியைப் போட்டதாகவும் எழுதி இன்சூரன்ஸில் பில் வாங்குகிறார்களோ என்று. இந்த இன்சூரன்ஸ் விஷயத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை. மணவாள நகரில் உன்னை அனுப்பி வைத்த அந்த விசா ஏஜெண்ட் ஆபீசில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? "மெடிக்கல் ஃபுல்லா கவர் ஆயிடும் சார், உங்க பையன் தும்முனாகூட ஃப்ரீ" என்றான். பல் வலி வந்தால் என்று கேட்டேன். "அது வராது சார்." ஏற்கெனவே இருக்கிற நோய்? "அதும் வராது சார்." லீவில் ஊருக்கு வந்த இடத்தில் ஏதாவது ஆனால்? "அதெப்படி சார் வரும்?" அப்ப தும்மல் மட்டும்தான் வருமா என்று கேட்டேன். நீ மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாய். வெளியே வந்ததும், "நைனா, உன்னோட ஒரே பேஜாரா கீது, அந்தாளு விசாவையே கேன்சல் பண்ணிடப் போறான்" என்று கத்தினாய். ஆனால் கேட்டால்தானே தெரிகிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்சூரன்ஸ் கார்டை ஒப்புக்கொள்வார்கள், எதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், எதற்குக் கைக்காசு போடவேண்டும் என்பதையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். படுத்த பிறகு கேட்க வாய் வராது. உன் ரூம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொறுக்க முடியாமல் நீ சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து நானே போன் போட்டேன். சுற்றி வளைக்காமல், "போன தபா ஊசி போட்டுக்கினது யாருடா?" என்று கேட்டேன். நீ உடனே பதில் சொல்லவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்டில் நின்றவனுக்குப் பதிலைவிட, பதில் வர எடுக்கும் நேரம் முக்கியம். பிறகு சொன்னாய். உன் ரூமில் இருக்கும் ஆரணிப் பையனுக்குத் தகடு கிழித்துக் காலில் காயம், சீழ் வைத்துக் காய்ச்சலும் வந்துவிட்டது. அவன் வேலை செய்வது வேறொரு சின்னக் கம்பெனியில். இன்சூரன்ஸ் கார்டு அடுத்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று இழுத்தடிக்கிறான் அவன் முதலாளி. நீ உன் கார்டை எடுத்து அவன் கையில் கொடுத்து, அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாய். "ரெண்டு பேருக்கும் தாடி நைனா. மூஞ்சிய எவன் உத்துப் பாக்கறான்? காலு இப்புடி வீங்கிப் போச்சு, வுட்டுட முடியுமா சொல்லு?"

விட முடியாதுதான். உன் மனசை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகனே, அன்று அந்தக் கம்ப்யூட்டரில் ஏறியது அவன் கால் மட்டுமா? அவனுக்கு ஒத்துக்கொண்ட ஊசி உனக்கு ஒத்துக்கொண்டதாக ஏறிவிட்டது. இப்போது நீயே வாயைத் திறந்து எனக்கு ஆகாது என்று சொன்னாலும், அந்த டாக்டர் உன்னை நம்பவில்லை, கம்ப்யூட்டர் பெட்டியை நம்புகிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

கார்டைக் கைமாற்றிக் கொடுக்கும் பழக்கம் நீ அங்கே போய்க் கற்றுக்கொண்டது இல்லை. நம் தெருவிலேயே கற்றுக்கொண்டாய். பர்மனென்ட் ஆளுக்குத்தான் தொழிலாளர் காப்பீட்டுக் கார்டு, காண்ட்ராக்ட் ஆளுக்குப் பாதிப் பேருக்கு இருக்காது. அதனால் மாவரைக்கக் கிரைண்டர் கேட்பதுபோல் கார்டு கேட்டு வருவார்கள். இல்லை என்று சொன்னால் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வராது. நான் கம்பெனி வாசலில் நின்று ஊரான் அடையாள அட்டையில் இருக்கும் மூஞ்சியையெல்லாம் ஒத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இங்கே என் கார்டு பீரோவிலிருந்து கிளம்பி உன் தாய்மாமன் சட்டைப் பையில் டிஸ்பென்சரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாமல் கொடுத்தது உன் அம்மா. தம்பி என்றால் அவளுக்கு உயிர்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு கோடையில் எனக்குத் தலை சுற்றலாக இருந்தது. வெயிலில் நின்றதுதான் காரணம். டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, பி.பி. மாத்திரைய ஒழுங்கா சாப்புடறது இல்லியா? தலை சுத்தாம இன்னா பண்ணும்?" என்று திட்டினார். எனக்கு ஏது பி.பி. என்று மனசுக்குள் கேள்வி வந்தது. ஆனால் பின்னால் பெரிய வரிசை. வெள்ளைக் கோட்டைக் கண்டால் மட்டும் என் சந்தேகம் சலாம் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றுகொள்ளும். இன்னும் அதிக பவரில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனவன், ஷிப்டு விடும் நேரத்தில் கேட்டிலேயே சுருண்டு விழுந்தேன். நான் சோதனை போட்ட ஆட்களே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் உன் அம்மா தலையிலடித்துக்கொண்டு, "ஐயோ, அது ஒன் பி.பி. இல்லய்யா, என் தம்பி பி.பி.!" என்று கத்தினாளே, அதைச் சொல்லிச் சொல்லி நம் வீட்டில் எத்தனை பொங்கலுக்குச் சிரித்திருக்கிறோம். உன் மாமனே நடித்துக் காட்டுவான். நீயும் கூட உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அது சிரிப்பதற்கான கதை என்றே உன் மனசில் தங்கிவிட்டது போலிருக்கிறது. நான் செத்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

உன் கதையைச் சொல்கிறேன், உனக்கு முழுசாக ஞாபகம் இருக்காது. ரெண்டாவது படிக்கும்போது தொண்டையில் கட்டி வந்து, நம் தெருமுனை கிளினிக்கில் அந்த ஊசியைப் போட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் உன் உதடு வீங்கிவிட்டது. கண் ரெண்டும் மூடிக்கொண்டன. மூச்சு விடும்போது பிரஷர் குக்கர் மாதிரி சத்தம் வந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, ஸ்கிராப் ஏற்றிக்கொண்டு வந்த லாரியை மறித்து, பொன்னேரி வரை போனோம். வழியெல்லாம் உன் மூக்கில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன், காற்று வருகிறதா என்று. ஒரு இடத்தில் வரவில்லை. அந்த இடத்தில் இப்போதும் பஸ்ஸில் போனால் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அங்கே இருந்த டாக்டர் உன்னைப் பிழைக்க வைத்துக் கொடுத்துவிட்டு, "இன்னொரு தபா இந்த ஊசி உள்ள போச்சுன்னா இத விட மோசமா வரலாம், போற எடமெல்லாம் சொல்லுங்க" என்றார். உன் அம்மா டீச்சரிடம் சொன்னாள், டியூஷன் அக்காவிடம் சொன்னாள், டூர் போன பஸ் டிரைவரிடம்கூடச் சொன்னாள். ஊரெல்லாம் கிண்டல் பண்ணினார்கள். அவளுக்கு என்ன, பிள்ளை முக்கியம்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே, நேற்றுக் காலை நாஷ்டா முடித்த கையோடு ஆரணிக்குக் கிளம்பிவிட்டேன். முன்பு உனக்கு ஊறுகாய் கொடுத்தனுப்ப அந்தப் பையன் வீட்டுக்குப் போயிருக்கிறேன் இல்லையா, வழி தெரியும். உன்னிடம் சொன்னால் தடுப்பாய், அதனால் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது என் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பையன் என் மகனின் நல்ல குணத்தை உபயோகப்படுத்திக்கொண்டு, இப்போது காரியம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் பெண்டாட்டியும் கூட்டு என்று நினைத்தேன்.

இடுப்பில் குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். "இன்னா மாமா திடீர்னு? அவருக்கு ஏதாச்சும்...?" என்று பதறினாள். அவனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இப்ப இன்னா சொல்ல வர்றீங்க? உங்க புள்ள நல்லா இருக்கணும், என் ஊட்டுக்காரு மாட்டிக்கினு வேலைய வுட்டுட்டு வரணும், அதானே?"

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி மாமா? கார்ட குடுத்தது உங்க புள்ள. வாங்கிக்கினவருக்கு மட்டும்தான் தண்டனையா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களைப் பார்த்தேனே, அதே பார்வை. எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. அப்போது அவளே கேட்டாள், "அந்த ஊசி போட்டா உங்க புள்ளைக்கு இன்னாதான் ஆவும்?" லாரியில் போன கதையைச் சொன்னேன். மூக்கில் விரல் வைத்துக்கொண்டே வந்ததையும் சொன்னேன். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யோவ், மாமா வந்துகீறாரு. அவங்க புள்ளைக்கு அந்த ஊசி போட்டா உசுருக்கே ஆபத்தாம். நீ போயி டாக்டராண்ட சொல்லிடு, போன தபா வந்தது நான்தான்னு. வேல போனா போவட்டும். வந்து சேரு, பாத்துக்கலாம்."

அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் குரலை உயர்த்தி அவன் பேசினான்.

"மாமா, டாக்டரு அப்புடி சொன்ன அன்னிக்கே நான் உண்மைய சொல்லிடறேன்னுதான் சொன்னேன். உங்க புள்ளதான் வேணான்றான். நீ புள்ளகுட்டிக்காரன், கம்முனு கெட, சின்ன வயசுல வந்ததெல்லாம் இப்ப வராதுன்றான். நான் ஆஸ்பத்திரி கவுண்டர் வரைக்கும் போயிட்டேன் மாமா. கைய புடிச்சி இஸ்துக்கினு வந்துட்டான்."

அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். உன்னைச் சந்தேகப்பட்டேன், ஆஸ்பத்திரியைச் சந்தேகப்பட்டேன், முகம் தெரியாத இன்சூரன்ஸ்காரனைச் சந்தேகப்பட்டேன், இவளையும் இவள் புருஷனையும் சந்தேகப்பட்டேன். என் பிள்ளை இன்னொருத்தன் குடும்பத்துக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்துவிட்டு, போனில் அம்மாவிடம் சிரித்துப் பேசுவான் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. பெருமையாகவும் இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்தும் இருப்பேன். ரெண்டும் உண்மை.

அடே, அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று யோசித்தாயே, நீ யாருடைய பிள்ளை? சின்ன வயதில் வந்தது இப்போது வராது என்று உனக்கு யார் சொன்னது? எந்த டாக்டர் சோதித்துப் பார்த்தார்? ஒருவேளை போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் இடம் ஆபரேஷன் மேசையா? முழித்துக்கொண்டிருந்தால் மூச்சு இரைக்கிறது என்று சொல்ல வாய் இருக்கும். மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்த பிறகு நீ யாரிடம் என்ன சொல்வாய்? அந்த டாக்டர் பெட்டியைப் பார்ப்பார், போன தபா ஒன்றும் ஆகவில்லை என்று இருக்கும், நம்பிக்கையோடு ஊசியை எடுப்பார்.

கார்டு விஷயம் வெளியே வந்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அபராதம் போடலாம், இன்சூரன்ஸைத் தர மாட்டேன் என்று சொல்லலாம், ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பலாம். லேசாக விட்டாலும் விடலாம். ஒன்றும் ஆகாது என்று நான் உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்கிறவனை நான் நம்புவதுமில்லை. ஆனால் முதலாளி கார்டு கொடுக்காமல் இழுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தர் ஒளியாமல் ரெண்டு பேருமாகச் சேர்ந்து போங்கள். நம் பாஷை தெரிந்த நர்ஸ் யாராவது அங்கே இருப்பார், அவரைக் கூட வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லுங்கள். ஊருக்கு அனுப்பினால் வாருங்கள். நான் நின்ற கேட்டிலேயே போய் நின்று உங்கள் ரெண்டு பேருக்கும் வேலை கேட்கிறேன், யார் முன்னால் கை கட்டி நிற்கவும் எனக்கு வெட்கமில்லை. அவன் பெண்டாட்டியிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். "அவர் சொல்றாரோ இல்லியோ, ஞாயித்துக்கெழம வரைக்கும் நானும் போன் போட்டுக்கினே இருப்பேன் மாமா" என்றாள்.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஊசி ஒத்துக்கொண்டது என்று கோயிலில் மாவிளக்குப் போட மாவு இடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது என்பது உன் கையில்தான் இருக்கிறது.

நாளைக்கே போ. டாக்டரிடம் சொல். சொல்லி முடித்து வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணு. வேலை போச்சு நைனா என்று அழுதுகொண்டே பண்ணினாலும் பரவாயில்லை. அப்படிச் சொல்ல நீ இருப்பாய் அல்லவா, எனக்கு அது போதும்.

உன் நைனா